அவள் தைக்காத சட்டை

பிப்ரவரி 3, திங்கள்

சாம்பல் நிறச் சட்டை இன்று அக்குளில் கிழிந்துவிட்டது. பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். சின்னதாக ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. மருத்துவமனை வரும்வரை கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன், தெர்மாமீட்டர் வைத்த நோயாளி மாதிரி.

என் மனைவி தைத்த சட்டை அது. என்னுடைய எல்லாச் சட்டைகளும் அவள் தைத்தவைதான். கல்யாணமான புதிதில் என்னைத் துணிக்கடைக்கு அழைத்துப் போனாள். போட்டுப் பார்த்த ஒன்றும் சேரவில்லை. வெளியே வந்ததும், "இதெல்லாம் வேற யாருக்கோ தைச்சது. உங்க உடம்புக்கு நான் தைக்கிறேன், வாங்க" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான். தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றுக்கு நேராக இரண்டு பொத்தான்களுக்கு நடுவே உள்பக்கம் மறைவாக இன்னொரு பொத்தான். பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று நீளம், குனிந்தால் மேலே ஏறாமலிருக்க. பெரிய உடம்பைத் தொளதொளப்பான துணிக்குள் ஒளித்து வைக்கலாம் என்று நினைப்பது தப்பு, ஒளிக்கிறான் என்பதுதான் முதலில் தெரியும் என்பாள். வேலையில் இருந்தபோது அலுவலகத்தில் எனக்கு 'மந்திரி' என்று பெயர். நில அளவைத் துறையில் மற்றவர்கள் போட்ட வரைபடங்களைச் சரிபார்க்கும் மேசை வேலைக்காரன் நான். மந்திரியாக இருந்தது சட்டைதான்.

அவள் படுத்துக் கிட்டத்தட்ட ஒரு மாதம். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போய்விட்டன. பேச்சு மெதுவாக வருகிறது. என்னிடம் மட்டும் வருவதில்லை.

அவள் கட்டில் ஜன்னல் பக்கம். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, அவளுக்கு வலப்பக்கத்தில், கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. முதல் நாள் அதில் உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. தலைமை நர்ஸ் வந்து, "பெரியவரே, நீங்க இங்க நின்னா நாங்க உள்ள வர வழியில்ல. அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றார். அந்தப் பக்கம் என்றால் இடப்பக்கம், கதவை ஒட்டி, ஒரு இரும்பு ஸ்டூல். அன்றிலிருந்து அங்கேதான் உட்காருகிறேன். யாருக்கும் வழியை அடைப்பதில்லை.

இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் அப்படியே.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மைத்துனன் வந்திருந்தான். அவளுடைய தம்பி. அறுபது தாண்டியும் நூல் மாதிரி இருப்பான். என்னை விடாமல் பிடித்துக்கொண்ட அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"என்னக்கா, எப்படி இருக்கே?"

"இருக்கேன்டா. சாப்டியா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவனோடு பேசினாள். அவன் மருமகள் வேலை மாறியதைக் கேட்டாள், அவன் வீட்டுக் குழாய் ஒழுகுவது நின்றதா என்று கேட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் கையைப் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. பிறகு அவனிடம் கேட்டாள்:

"அவர் வரலையா?"

நான் எட்டினால் தொடும் தூரத்தில், தொட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மைத்துனன் சிரித்துவிட்டான். "அதோ உக்காந்திருக்காரே, மலை மாதிரி. கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனிடமும் பேசவில்லை.

நடைவழியில் அவன் என் தோளில் தட்டினான். "அக்கா கோவத்துல இருக்கா, அத்தான்."

"என்மேலயா?"

"பின்ன என் மேலயா? உங்களைக் கண்ணாடியில ஒரு தடவை பாருங்க. அக்குள்ல கிழிசல். காலர் ஒரு பக்கம் நிக்குது, ஒரு பக்கம் தூங்குது. பேன்ட் வயித்துக்குக் கீழ எங்கயோ போயிட்டிருக்கு. உங்களை எப்படி வெச்சிருந்தவ அவ? இந்தக் கோலத்துல வந்தா வந்ததாவே சேத்துக்க மாட்டா. ஒரு நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க, பாருங்க அப்புறம்."

விளையாட்டாகச் சொன்னானா, தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஒன்று சரி. முன்பு ஒரு முறை, உறவுக்காரர் வீட்டு விருந்துக்குச் சாயம் போன சட்டையோடு கிளம்பினேன். வழி நெடுக என்னைவிட்டு நாலடி முன்னால் நடந்தாள். அங்கே போனதும், "இவரா? யாருன்னு தெரியல, பின்னாலயே வர்றார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த விளையாட்டையே இப்போது வினையாக ஆடுகிறாளா?

டாக்டரிடம் கேட்கலாம். என்னவென்று கேட்பது? என் மனைவி ஏன் என்னைப் பார்ப்பதில்லை என்றா? எந்த வாயால் கேட்பது?

பிப்ரவரி 7, வெள்ளி

அலமாரியிலிருந்த சட்டைகளையெல்லாம் கட்டிலில் பரப்பினேன். நீலத்தில் காலர் தேய்ந்து நூல் தெரிகிறது. கோடு போட்டதில் மை. வெள்ளை இரண்டும் நானே துவைத்துப் பழுப்பாக்கியவை. எதைத் தொட்டாலும் அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் போனது போலிருக்கிறது.

சாம்பல் நிறச் சட்டையின் கிழிசலை நானே தைத்தேன். தையல் மெஷினைத் தொடத் துணியவில்லை, ஊசிதான். வரைபடத்தில் ஒரு மயிரிழைக் கோணலைக்கூட விடாமல் பிடித்தவன், ஒரு சாண் நீளத் தையலை நேராகப் போட முடியவில்லை. அக்குள் சுருங்கி முடிச்சாகிவிட்டது. கையைத் தொங்கவிட்டால் முழங்கை வெளியே தள்ளி நிற்கிறது, சண்டைக்குப் போகிறவன் மாதிரி.

அவள் இன்று தட்டில் பாதியைத் தொடவே இல்லை. ரொட்டியைச் சாப்பிட்டாள், காய்கறி அப்படியே இருந்தது. பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ஜன்னல்.

பிப்ரவரி 10, திங்கள்

கடைத்தெருவில் மூன்று மாடிக் கடை. வாசலில் ரொம்ப நேரம் நின்றேன், யாருக்காகவோ காத்திருப்பவன் போல. உள்ளே போனதும் விற்பனையாளர் என்னை மேலிருந்து கீழே அல்ல, இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

"உங்களுக்கா சார்?"

"ஆமாம்."

அவர் அந்தத் தளத்தின் மறுமுனையில் இருந்தவரைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "அண்ணே, ரொம்பப் பெரிய சைஸ் ஏதாச்சும் இருக்கா?"

"எவ்வளவு பெருசு?"

"பெருசுண்ணே. இங்க பாருங்க."

அவரும் பார்த்தார். அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்று கொண்டுவந்தார்கள். கழுத்துக்குச் சேர்ந்தது, ஆனால் தோள் தையல் முழங்கை வரை இறங்கியது. கை நீளம் விரலைத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன். மேசைக்கு விரிப்புப் போட்ட மாதிரி இருந்தேன். பெரியவனுக்குக் கையும் நீளமாகத்தான் வளரும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

"ஃப்ரீயா இருக்கும் சார். காத்து வரும்" என்றார்.

வெறுங்கையோடு வெளியே வர வெட்கமாக இருந்ததால் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாக்ஸ் அழகாக இருக்கிறது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

தையல்காரரிடம் போனேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வருவது போல வந்தபோது பின்வாங்கிவிட்டேன். அவளைத் தவிர யாரும் என்னை அளந்ததில்லை.

"வேண்டாம். நானே அளந்து எழுதிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

எழுதித்தான் கொண்டுபோயிருந்தேன். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை உள்ளே இழுத்து, டேப்பை இறுக்கிப் பிடித்து எடுத்த அளவு. அதிலும் ஒவ்வோர் எண்ணிலும் கொஞ்சம் குறைத்தேன். ஏன் குறைத்தேன்? முன்பின் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்பதற்காக. வேலையில் ஒருநாளும் இதைச் செய்ததில்லை.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"சார், இது உங்களுக்கா?"

அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இல்லை, என் தம்பிக்கு" என்றேன்.

எனக்குத் தம்பி கிடையாது.

"அதானே பாத்தேன்" என்றார். "உங்களைவிடக் கொஞ்சம் மெலிவு. நீங்களும் ஒண்ணு தைச்சுக்கலாமே சார்?"

"அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மகள் வெளிநாட்டிலிருந்து பேசினாள். தினமும் அம்மாவிடம் பேசுகிறாள். நர்ஸ் போனைக் காதில் வைத்துப் பிடிப்பாராம்.

"அப்பா, ஒண்ணு கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறீங்கதானே?"

"போறேனே."

"அம்மா அழறாங்கப்பா. நீங்க வர்றதே இல்லைன்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்பா?"

"போறேம்மா. பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

"பின்ன ஏன்பா அப்படிச் சொல்றாங்க?"

சட்டை சரியில்லை என்றா சொல்வது? நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷன், சட்டை சரியில்லாததால் வராதவனாகிவிட்டேன் என்றா? மகளின் கேள்வியில் ஒரு சந்தேகம் இருந்தது. அவள் என்னை நம்பவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சந்தோஷப்பட்டது வராந்தாவின் முனை வரைதான். அங்கே மைத்துனன் நின்றான். முதல் முறையாக அவன் முகத்தில் கேலி இல்லை.

"அத்தான், அக்கா எங்க வீட்டுக்கு வர்றேங்கிறா."

"கொஞ்ச நாளைக்கா?"

அவன் தரையைப் பார்த்தான். "'அந்த வீட்ல எனக்கு இனிமே யாருடா இருக்கா'ன்னு கேட்டா. நான் என்ன சொல்றது?"

யாருடா இருக்கா. நான் இருக்கேன். வேற யாரு இருக்கணும்?

பிப்ரவரி 15, சனி

மருத்துவமனையில் இருந்து திரும்பி நடந்தே வந்தேன். அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று முறையாக யோசித்துப் பார்க்க உட்கார்ந்தேன். முறையாக யோசிக்க வரவில்லை. சாப்பாடு, துணி, மருந்து என்று ஆரம்பித்து, சாயங்காலம் யாரோடு தேநீர் குடிப்பது என்ற இடத்தில் நின்றுவிட்டது.

இன்னும் வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கிறது. திங்களன்று சட்டை தயாராகிவிடும்.

பிப்ரவரி 17, திங்கள்

சட்டையை வாங்கினேன். தையல்காரர், "தம்பிக்கு அளவா இருக்கும் சார்" என்றார். அந்தத் தம்பிக்கு நிச்சயம் அளவாக இருந்திருக்கும்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். மூச்சை இழுத்தால் எல்லாப் பொத்தானும் போடலாம். விட்டால் போட முடியாது. அப்படியானால் விடாமலிருக்கலாமே என்று நினைத்தேன். மருத்துவமனையில் ஒரு மணி நேரம்தானே. நினைத்துப் பார்க்கிறேன், படித்த மனிதன் ஒருவன் இப்படி நினைத்தான் என்று.

தலை சீவி, தாடி மழித்து, புது சாக்ஸ் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலிருந்து ஸ்டூல் வரை மூச்சுவிடாமல் நடந்தேன். "வந்துட்டேன். பாரு" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அப்போது பொறுக்க முடியாமல் மூச்சு விட்டேன்.

வயிற்றுப் பொத்தான் தெறித்துப் பக்கத்துக் கட்டிலின் எஃகுத் தட்டில் பட்டு டங்கென்றது.

அந்தக் கட்டிலில் இருக்கும் அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இடுப்பு எலும்பு உடைந்தவர், சிரித்தால் வலிக்குமாம். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க சார்" என்று அழுதுகொண்டே சிரித்தார். என் மனைவி தலையைத் தூக்கி, "என்ன சத்தம்?" என்று கேட்டாள். ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். பொத்தானைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். முதுகுத் தையலும் விட்டது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

போகவில்லை.

போனாலும் போகாதவன்தான். எதுக்குப் போகணும்? இந்த உடம்பை இத்தனை வருஷம் மனுஷனா வெச்சிருந்தது அவள் துணி. உள்ளே இருந்தவனை அவளுக்கு எப்போதாவது பிடித்திருந்ததா? இல்லை, நல்லா தைச்ச ஒரு சட்டை நடந்து போவதைப் பார்க்கத்தான் பிடித்திருந்ததா? — இது அநியாயமான கேள்வி. எனக்குத் தெரியும். இருந்தாலும் நாள் பூராவும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, திறக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

தையல்காரரிடம் போனேன். உள்ளே போனதும் சொல்லிவிட்டேன், நின்றால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"தம்பி இல்லை. நான்தான். அளந்துக்கோங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு எரிச்சல்தான் வந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். துணியும் போச்சு, என் நேரமும் போச்சு. கையைத் தூக்குங்க."

தூக்கினேன். என்னைச் சுற்றிக் கை எட்டாமல் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு அவர் சுற்றி வந்தார். ஒவ்வோர் அளவையும் மெஷினில் இருந்த தன் மனைவிக்குச் சத்தமாகச் சொன்னார். அந்த அம்மாள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். தெருவில் போனவர்கள் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்று சொல்ல ஆசை. சொல்ல முடியவில்லை, முகம் எரிந்தது. ஆனால் மூச்சை இழுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில வேணும்" என்றேன்.

"இது சட்டையா, இட்டுக்கட்டுற கதையா? அடுத்த வாரம் வாங்க."

"வெள்ளிக்கிழமை என் மனைவி போயிடுவாங்க."

அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. மெஷின் நின்றது. நான் திருத்துவதற்குள் அந்த அம்மாள், "வியாழக்கிழமை ராத்திரி முடிச்சு வெச்சிடுறோம் ஐயா" என்றார். திருத்தவில்லை. போவதில் எத்தனையோ வகை.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

புதுச் சட்டை இன்னும் வரவில்லை. அக்குளில் நான் முடிச்சுப் போட்ட அதே சாம்பல் நிறத்தைத்தான் போட்டுக்கொண்டு போனேன். வார்டில் என் ஸ்டூல் இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளைப் பார்க்கக் குடும்பமே வந்திருந்தது. யாரோ அதில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கத் தோன்றவில்லை. இடப்பக்கம் கட்டிலை ஒட்டி நின்றேன். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க, பெரியவரே."

"அங்க வழி அடைக்கும்மா."

"அடைச்சா அடைக்கட்டும். இங்க நான் வேலை பார்க்கணும்."

கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிப் போனேன். நாற்காலியைச் சுவரோரம் தள்ளி, வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றேன். ஜன்னல் முழுதும் மறைந்துபோயிருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள்.

என்னைத்தான். முகத்தைத் திருப்பவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு வலது கையை நீட்டி என் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள், துணி நிஜந்தானா என்று பார்ப்பது போல.

"எப்ப வந்தீங்க?"

அவள் கையின் மேல் என் கையை வைத்தேன்.

"எங்க போயிருந்தீங்க இத்தனை நாளா? கேட்டா எல்லாரும் சிரிச்சு மழுப்புறாங்க. அதோ இருக்கார், இதோ இருக்கார்னு. உங்க குரல் மட்டும் கேக்கும். திரும்புனா ஜன்னல்தான் இருக்கும்." அழுதாள். ஒரு பக்க முகம் மட்டும் அழுதது. "நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன். எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண் அப்போது வந்தாள். நாங்கள் இருவரும் இருந்த நிலையைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன், முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் என் ஸ்டூல் இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"தினமும் அங்கயா உக்காந்தீங்க? சார், இவங்க மூளையில அடிபட்ட இடம் அப்படி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே இப்ப இவங்களுக்குத் தெரியாது. தட்டுல இடது பாதியைத் தொட மாட்டாங்க. அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டா, சத்தம் வலது பக்கம் வர்றதா நெனச்சு இங்க திரும்புவாங்க. அந்தக் கையைத் தொட்டாலும் உணர்ச்சி இல்ல. உங்க மைத்துனர்கிட்ட முதல் வாரமே சொன்னேனே."

ஆக, நான் கூப்பிடக் கூப்பிட அவள் என்னைத் தேடியிருக்கிறாள். ஜன்னலில்.

யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று நான் ஒதுங்கி உட்கார்ந்த இடம், இந்த உலகத்தில் அவளுக்கு இல்லாத ஓர் இடம்.

நாற்காலியில் உட்கார முடியாது, நின்றேன். முழங்கால் வலித்தது, நின்றேன். பார்வை நேரம் முடிய மணி அடித்தார்கள். அவள் என் சட்டையை விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் பார்த்து, "அக்குள்ல யாரு இப்படித் தைச்சது?" என்றாள்.

"நான்தான்."

"நல்லா இருக்கு போங்க" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

மைத்துனன் நேராகக் கண்ணைப் பார்க்கவில்லை. "இடது பக்கம் கவனம் இருக்காதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு அத்தான். கை காலைத்தான் சொல்லுதுன்னு நான்... சட்டை கிட்டைன்னு வேற சொல்லி உங்களை..."

"விடு" என்றேன். எனக்கும் கேட்கத் தோன்றவில்லையே.

காரில் அவளை முன் இருக்கையில் வைத்தார்கள். "எந்த வீட்டுக்கு அக்கா?" என்று கேட்டான்.

"இது என்னடா கேள்வி" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். அவளைத் தூக்கி உட்கார வைக்க என் பலம் போதவில்லை. தலை சீவினால் பாதித் தலைதான் சீவுகிறாள். சொன்னால் கோபம் வருகிறது. தன் இடது கையைப் பார்த்து, "இது யாரு கை? எடுங்க" என்றாள். இது திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். நான் இரவில் அவளுடைய வலப்பக்கம் படுக்கிறேன். இத்தனை வருஷம் படுத்தது இடப்பக்கம். தூக்கம் வரவில்லை.

மார்ச் 1, சனி

தையல்காரர் கடையிலிருந்து ஆள் வந்து, சட்டை காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போக நேரமில்லை. அந்த அம்மாள் என் மனைவியைப் பற்றி விசாரித்தாராம், தயங்கித் தயங்கி. உயிரோடு இருக்கிறாள் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் வந்து பார்த்துக்கொண்டதால் காலையில் போய்ச் சட்டையை வாங்கி வந்தேன். அடர் பச்சை. நிறம் நானே தேர்ந்தெடுத்தது. சரியா என்று இப்போதும் சந்தேகம். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து சக்கர நாற்காலிக்கு முன்னால் நின்றேன்.

"கிட்ட வாங்க" என்றாள். வலது கையால் காலரைத் தடவினாள், ஒரு பக்கத் தோளை அமுக்கிப் பார்த்தாள், பொத்தான் துளையை நகத்தால் நிமிண்டினாள். உள்பொத்தான் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. "அவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்" என்றாள். அதில் ஒரு திருப்தி இருந்தது.

"தோள் சரியா உக்காந்திருக்கு. கை ஒரு விரல் நீளம். பச்சை... பச்சை பரவாயில்ல. நல்லா இருக்கீங்க."

அவ்வளவுதான், பார்த்து முடித்துவிட்டாள். அவள் பார்த்தது பாதிச் சட்டையை. மற்றப் பாதி இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் விழுந்த பாதியை வைத்தே என்னை முழுதாக ஒப்புக்கொண்டுவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

"இன்னொரு பக்கம் இருக்கு" என்றேன்.

"எங்க?"

எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். பிறகு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தேன். அவள் கண் இருக்கும் பக்கத்துக்கு என் மற்றத் தோள் வரட்டும் என்று. பக்கவாட்டில் வயிறு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். எழுபது வயது வரை அந்தக் கோணத்தில் நான் யார் முன்னாலும் நின்றதில்லை.

மைத்துனன் சமையலறை வாசலில் தேநீரோடு நின்றிருந்தான். "என்ன அத்தான், அழகிப் போட்டியா?"

"நீ சும்மா இருடா" என்றாள் அவள். கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. மற்றத் தோள் வந்தது போலிருக்கிறது. கையை நீட்டினாள், எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் திரும்பினேன்.